புரோகிராம் தடுக்கி விழுந்தால் தாங்கிப் பிடிப்பது யார்?

கம்ப்யூட்டர் பயன்படுத்தும் பலருடைய திரையிலும் எப்போதாவது ஒரு சிறிய விண்டோ வந்து நிற்கும். "அன்ஹேண்டில்டு எக்செப்ஷன்" என்று அதில் எழுதியிருக்கும். கீழே "கன்டினியூ", "க்விட்" என இரண்டு பட்டன்கள். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இதைப் பார்த்ததும் ஏதோ வைரஸ் வந்துவிட்டது எனப் பயந்து ஸ்விட்சையே அணைத்துவிடுவார்கள். இது வைரஸும் இல்லை. உங்கள் கம்ப்யூட்டரில் கோளாறும் இல்லை. அந்த புரோகிராமை எழுதியவர், "இப்படியும் நடக்கலாம்" என்று எண்ணிப் பார்க்காமல் விட்ட ஓர் இடத்தில் புரோகிராம் கால் வைத்துவிட்டது. அவ்வளவுதான்.

எக்செப்ஷன் என்றால் வழக்கத்திற்கு மாறாக நடந்த ஒன்று. அன்ஹேண்டில்டு என்றால் அதைக் கவனிக்க ஆள் இல்லை என்று பொருள். ஆள் இருந்திருந்தால் அந்த விண்டோவை நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள். அந்த ஆளை எப்படி நிறுத்துவது, எங்கே நிறுத்துவது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். வீட்டில் பிள்ளைகள் ஜாவாவோ பைத்தானோ படிக்கிறார்கள் என்றால் இந்தப் பக்கங்களை அவர்களிடமும் கொடுங்கள்.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன். புரோகிராமில் வரும் தவறுகள் ஒரே வகை இல்லை. அடைப்புக்குறியை மூட மறந்தால் புரோகிராம் ஓடவே ஓடாது. கம்பைலர் அங்கேயே தடுத்துவிடும். இதனால் பெரிய தொல்லை இல்லை. கூட்ட வேண்டிய இடத்தில் கழித்துவிட்டால் புரோகிராம் ஓடும், எந்த மெசேஜும் வராது, விடை மட்டும் தப்பாக இருக்கும். இதுதான் மூன்றிலும் மோசமானது. மூன்றாவது வகை, ஓடிக் கொண்டிருக்கும்போது இடையில் வருவது. பைலைத் திறக்கச் சொன்னால் பைல் இல்லை. எண் கேட்டால் எழுத்து வருகிறது. பூஜ்யத்தால் வகுக்கச் சொல்கிறோம். இன்டர்நெட் பாதியில் அறுந்துவிடுகிறது. இந்த மூன்றாவது வகைக்குத்தான் எக்செப்ஷன் என்று பெயர்.

மல்லாட்டைக் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டு வைத்துக் கொள்வோம். விழுப்புரம் மாவட்டம் பனமலையில் ஒரு விவசாயி வீடு. கல்லூரியில் படிக்கும் பெண், அப்பாவிற்காக ஜாவாவில் ஒரு சிறு புரோகிராம் எழுதுகிறார். மல்லாட்டை மூட்டைகளை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் போட்டுவிட்டு வந்தால், ஒவ்வொரு மூட்டையின் எடையையும் கிடைத்த தொகையையும் டைப் செய்ய வேண்டும். கிலோவிற்கு என்ன விலை விழுந்தது, மொத்தம் எவ்வளவு வந்தது என்று புரோகிராம் சொல்ல வேண்டும். வியாபாரி சொன்ன கணக்கும் வீட்டுக் கணக்கும் ஒத்துப் போகிறதா எனப் பார்க்க இது போதும்.

ஆப்ஜெக்ட் ஓரியண்டட் முறையில் எழுதும்போது, மூட்டை என்பது ஒரு கிளாஸ். அதாவது அச்சு. அந்த அச்சில் வார்த்த ஒவ்வொரு மூட்டையும் ஓர் ஆப்ஜெக்ட். ஒவ்வொரு ஆப்ஜெக்டும் தன் எடை, தன் தொகை இரண்டையும் தன்னிடமே வைத்திருக்கும். "கிலோ விலை சொல்" என்று கேட்டால் தானே வகுத்துச் சொல்லும். புரிவதற்காகக் கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். கம்ப்யூட்டரில் டைப் செய்யும்போது அவற்றின் ஆங்கில எழுத்துக்களில் டைப் செய்திடவும்.

கிளாஸ் மூட்டை {
    எண், எடை, தொகை;
    கிலோவிலை() {
        ரிட்டர்ன் தொகை / எடை;
    }
}

40 மூட்டை. அப்பா சொல்லச் சொல்லப் பெண் டைப் செய்கிறார். 17 ஆவது மூட்டைக்கு எடைச் சீட்டு கிடைக்கவில்லை. "அப்புறம் பார்த்துக்கலாம்பா" என்று 0 போட்டுவிட்டுப் போகிறார். இப்போது என்ன ஆகும்?

பூஜ்யத்தால் வகுத்தால் எரர் வரும் என்று எல்லாரும் சொல்வார்கள். பாதிதான் உண்மை. பைத்தானில் கட்டாயம் வரும். ஜாவாவில் எடையும் தொகையும் முழு எண்களாக இருந்தால் "அரித்மெடிக் எக்செப்ஷன்" என்று சொல்லிப் புரோகிராம் நின்றுவிடும். ஆனால் மூட்டை எடை 41.5 கிலோ என்றெல்லாம் வருமே! அதற்காக டபுள் என்ற தசம வகையைப் பயன்படுத்தியிருந்தால், ஜாவா வாயே திறக்காது. விலை "இன்ஃபினிட்டி" என்று எடுத்துக் கொண்டு அடுத்த மூட்டைக்குப் போய்விடும். கடைசியில் சராசரி விலையும் இன்ஃபினிட்டி. கிலோ முடிவில்லா ரூபாய்க்கு மல்லாட்டை விற்றதாகக் கணக்கு வரும்! சி ப்ளஸ் ப்ளஸ் மொழியில் முழு எண்ணைப் பூஜ்யத்தால் வகுத்தால் என்ன நடக்கும் என்று மொழியின் விதியே உறுதி தரவில்லை. எனவே மொழி நம்மைக் காப்பாற்றும் என்று இருந்துவிடக் கூடாது. நாமே பார்த்து, நாமே கத்த வேண்டும். அந்தக் கத்தலுக்குத்தான் "த்ரோ" என்று பெயர்.

கிலோவிலை() {
    இஃப் (எடை <= 0)
        த்ரோ நியூ எடைத்தவறு(எண்);
    ரிட்டர்ன் தொகை / எடை;
}

இதில் எடைத்தவறு என்பது நாம் உருவாக்கிய இன்னொரு கிளாஸ். ஆம், தவறும் ஓர் ஆப்ஜெக்ட்தான். அதனால் அது வெறும் கூச்சலாக இல்லாமல், எந்த மூட்டை, என்ன எடை என்ற விவரங்களையும் தன்னோடு சுமந்து செல்லும். பழைய சி மொழியில் இந்த வசதி கிடையாது. ஏதாவது தவறென்றால் -1 என்று திருப்பி அனுப்புவார்கள். கூப்பிட்டவர் ஒவ்வொரு முறையும் "-1 வந்ததா?" என்று பார்க்க வேண்டும். ஓர் இடத்தில் பார்க்க மறந்தால், கிலோ -1 ரூபாய் என்று அது கணக்கிலேயே ஏறிவிடும். எக்செப்ஷனை அப்படிக் கண்டும் காணாமல் விட முடியாது. யாராவது பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் புரோகிராம் நிற்கும்.

யார் பிடிப்பது?

இங்கேதான் புதிதாகப் படிப்பவர்கள் பலர் தடுமாறுகிறார்கள். தவறைக் கண்டுபிடித்தது மூட்டை. அதை மூட்டையே சரி செய்துவிடலாமே, ஒரு மெசேஜ் போட்டுவிடலாமே எனத் தோன்றும். வேண்டாம். எடை தப்பு என்பது மூட்டைக்குத் தெரியும். அதற்காக என்ன செய்ய வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. மறுபடி கேட்பதா, ஒதுக்கி வைப்பதா, மொத்தத்தையும் நிறுத்துவதா என்பதை மேலே இருந்து கணக்குப் பார்ப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். களத்தில் எடை போடும் ஆள் தராசு சரியில்லை என்று குரல் கொடுக்கிறார். என்ன செய்வது என்று மேஸ்திரி சொல்கிறார். அதே முறைதான்.

த்ரோ செய்த எக்செப்ஷன், தன்னைக் கூப்பிட்ட பங்க்ஷனுக்குப் போகும். அங்கே பிடிக்க ஆள் இல்லை என்றால் அதைக் கூப்பிட்டவரிடம் போகும். இப்படிப் படிப்படியாக மேலே ஏறும். கடைசிப் படி வரை யாரும் இல்லை என்றால்தான் முதலில் சொன்ன அந்த விண்டோ வருகிறது. பிடிக்கும் இடத்தை "ட்ரை", "கேட்ச்" என்ற இரண்டு சொற்களால் குறிக்கிறோம்.

ஃபார் (மூட்டை ம : மூட்டைகள்) {
    ட்ரை {
        விலை = ம.கிலோவிலை();
        அச்சிடு(ம.எண், விலை);
        மொத்தம் = மொத்தம் + ம.தொகை;
    }
    கேட்ச் (எடைத்தவறு த) {
        திருத்தப்பட்டியல்.சேர்(த.எண்);
    }
}

17 ஆவது மூட்டையில் த்ரோ ஆனவுடன் அச்சிடும் வரியும் மொத்தம் போடும் வரியும் நடக்காது. நேராகக் கேட்சுக்குத் தாவிவிடும். 17 என்ற எண் திருத்தப் பட்டியலில் ஏறும். பிறகு 18 ஆவது மூட்டைக்குப் போகும். முடிவில் 39 மூட்டைக் கணக்கும், "17 ஆவது மூட்டையின் எடையைச் சரிபார்க்கவும்" என்ற குறிப்பும் கிடைக்கும்.

ட்ரை வைத்திருக்கும் இடத்தைக் கவனியுங்கள். ஃபார் என்ற சுற்றுக்கு உள்ளே இருக்கிறது. அதையே வெளியே வைத்து, மொத்தச் சுற்றையும் ட்ரைக்குள் போட்டிருந்தால், 17 ஆவது மூட்டையில் சுற்றை விட்டே வெளியே வந்துவிடும். மீதி 23 மூட்டைகளை யாரும் தொட மாட்டார்கள். இரண்டும் இலக்கணப்படி சரி. எது வேண்டும் என்பது உங்கள் வேலையைப் பொறுத்தது.

இப்போது ஒரு கெட்ட பழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேட்ச் என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் ஒன்றும் எழுதாமல் விட்டுவிடுவது. எரர் மெசேஜ் வந்து தொல்லை செய்கிறது, அதனால் வாயை அடைத்துவிட்டோம் என்று இதில் ஒரு நிம்மதி. மேலே உள்ள புரோகிராமில் அப்படிச் செய்தால் என்ன ஆகும் எனப் பாருங்கள். 17 ஆவது மூட்டையின் தொகை மொத்தத்தில் சேராது. எந்த மெசேஜும் வராது. அந்த வீட்டில் ஒரு மூட்டைப் பணம் கணக்கில் குறையும்; வியாபாரி மீது சந்தேகம் போகும். புரோகிராம் நின்றுபோயிருந்தால்கூட இவ்வளவு கெடுதல் இல்லை. என்னைக் கேட்டால், காலியாக விட்ட கேட்சை விட அன்ஹேண்டில்டு எக்செப்ஷன் ஆயிரம் மடங்கு மேல்.

இதே போல, எல்லா எக்செப்ஷனுக்கும் தாயான "எக்செப்ஷன்" என்ற பொதுக் கிளாஸைப் பிடிப்பதும் ஆபத்துதான். எடைத்தவறைப் பிடிக்கப் போட்ட வலையில், பைல் இல்லை, மெமரி இடம் தவறு என்று சம்பந்தமில்லாதவையும் வந்து விழும். குறிப்பானதை முதலில் பிடியுங்கள். பொதுவானதைக் கடைசியில் வையுங்கள். வரிசையை மாற்றிப் போட்டால் ஜாவா கம்பைலரே ஒப்புக் கொள்ளாது.

இன்னொரு சொல் "ஃபைனலி". தவறு வந்தாலும் வராவிட்டாலும் கட்டாயம் நடக்க வேண்டியதை இதில் எழுதுவார்கள். திறந்த பைலை மூடுவது போன்றவை. ஆனால் கரண்ட் போய்விட்டால் ஃபைனலியும் போய்விடும். அதற்கு யு.பி.எஸ். தான் மருந்து.

எடை கேட்கும் இடத்தில் "75 கிலோ" என்று யாராவது டைப் செய்தால் ஜாவா "நம்பர் ஃபார்மேட் எக்செப்ஷன்" தரும். பைத்தான் "வேல்யூ எரர்" தரும். தமிழ் எண்களில் ௭௫ என்று டைப் செய்தால்? முழு எண்ணாகப் படிக்கச் சொல்லியிருந்தால் இரண்டுமே ஒழுங்காக 75 என எடுத்துக் கொள்ளும். யுனிகோடில் ௦ முதல் ௯ வரை இலக்கங்கள் என்றே பதிவாகி இருப்பதுதான் காரணம். ஆனால் பத்தைக் குறிக்கும் ௰ இலக்கமாகப் பதிவாகவில்லை. அதைப் போட்டால் எக்செப்ஷன் வரும். செய்து பாருங்கள், வேடிக்கையாக இருக்கும்.

37 நொடியில் முடிந்த பயணம்

மல்லாட்டைக் கணக்கில் போவது ஒரு மூட்டைப் பணம். 1996 ஜூன் 4 அன்று போனது ஒரு ராக்கெட்டும் நான்கு செயற்கைக்கோள்களும். ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட், தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில் உள்ள கூரூ தளத்திலிருந்து முதன்முறையாகக் கிளம்பியது. சுமார் 37 நொடிகள் ஒழுங்காகப் போனது. பிறகு திடீரெனத் திரும்பி, உடைந்து, வெடித்துச் சிதறியது.

காரணம் ஒரே ஓர் எக்செப்ஷன். ராக்கெட் எந்தப் பக்கம் போகிறது என்று கணக்கிடும் கருவியில், 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் வரி இருந்தது. 16 பிட்டில் அடங்கும் பெரிய எண் 32,767. முந்தைய ஏரியான் 4 ராக்கெட்டில் அந்த எண் இந்த எல்லையைத் தாண்டியதே இல்லை. ஏரியான் 5 பக்கவாட்டில் அதைவிட வேகமாகச் செல்லும். எண் எல்லையைத் தாண்டியது. எக்செப்ஷன் எழுந்தது. பிடிக்க ஆள் இல்லை.

ஏன் இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. இப்படி எல்லை தாண்டக் கூடிய எண்கள் ஏழு இருப்பதாக புரோகிராமர்கள் முன்பே கண்டறிந்திருந்தார்கள். கம்ப்யூட்டரின் சுமையைக் குறைக்க நான்கிற்கு மட்டும் பாதுகாப்பு எழுதினார்கள். மீதி மூன்றும் எல்லையைத் தாண்ட வாய்ப்பே இல்லை என விட்டுவிட்டார்கள். அந்த மூன்றில் ஒன்றுதான் இது. சரி, ஒரு கருவி போனால் இன்னொன்று இருக்குமே? இருந்தது. அதிலும் இதே புரோகிராம். அது இதற்கு முன்பே இதே காரணத்தால் நின்றுவிட்டிருந்தது. ஒரே தவறைச் செய்யும் இரண்டு பேரைக் காவலுக்கு வைத்தால் காவல் இரட்டிப்பாகாது அல்லவா?

அதற்கும் மேல் ஒன்று. எக்செப்ஷன் வந்தால் கருவி நின்றுவிட வேண்டும் என்பதுதான் அவர்கள் எழுதி வைத்த விதி. நிற்கும்போது, என்ன தவறு என்ற குறிப்பை அது அனுப்பியது. அந்தக் குறிப்பை முதன்மைக் கம்ப்யூட்டர் பயண விவரம் என்று எடுத்துக் கொண்டு, ராக்கெட்டை வலுக்கட்டாயமாகத் திருப்பியது. இத்தனைக்கும் அந்தக் கணக்கு ராக்கெட் கிளம்பிய பிறகு தேவையே இல்லை. ஏரியான் 4 காலத்துப் பழக்கமாக ஓடிக் கொண்டிருந்தது.

விழுப்புரத்துக்காரர் இறக்கிய விண்கலம்

நம் ஊர்ப் பக்கத்திற்கு வருவோம். 2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான் 2 இன் விக்ரம் தரையிறங்கி நிலவில் மோதி நின்றுபோனது நினைவிருக்கும். என்ன நடந்தது என்பதை 2023 ஜூலையில் இஸ்ரோவின் அப்போதைய தலைவர் எஸ்.சோம்நாத் விளக்கினார். ஐந்து எஞ்சின்கள் எதிர்பார்த்ததை விடக் கூடுதல் உந்துவிசையைத் தந்தன. அதனால் சிறு பிழைகள் ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்ந்தன. அவற்றைச் சரி செய்யக் கலம் வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது. ஆனால் அவ்வளவு வேகம் தேவைப்படும் என எதிர்பார்க்காததால், திரும்பும் வேகத்திற்கு மென்பொருளில் ஓர் எல்லை போடப்பட்டிருந்தது. இறங்க வேண்டிய இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர். அதை எட்டுவதற்காகக் கலம் வேகத்தையும் கூட்டிக் கொண்டிருந்தது.

ஏரியானில் 32,767. இங்கே திரும்பும் வேக எல்லை. "இதைத் தாண்டாது" என்று ஒருவர் போட்ட கோட்டை, உண்மை வந்து தாண்டியது.

சந்திரயான் 3 இன் திட்ட இயக்குநர் பி.வீரமுத்துவேல் விழுப்புரத்தைச் சேர்ந்தவர். ரயில்வேயில் டெக்னீஷியனாகப் பணியாற்றியவரின் மகன். சென்னை ஐ.ஐ.டி.யில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர். அவர் குழு அமைத்த கலத்தில் கேள்வியே மாற்றி வைக்கப்பட்டது. எல்லாம் சரியாக நடந்தால் எப்படி இறங்கும் என்று கேட்பதை விட்டு, எதெல்லாம் கெட்டுப்போகலாம், கெட்டால் எப்படி இறங்குவது என்று கேட்டார்கள். சென்சார் பழுதானால்? எஞ்சின் பழுதானால்? கணக்கே தப்பானால்? ஒவ்வொன்றுக்கும் விடை எழுதி வைத்தார்கள். இரண்டு எஞ்சின்கள் இயங்காவிட்டாலும் இறங்க வேண்டும் என்ற அளவிற்குப் போனார்கள். இறங்கும் இடம் 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் என அகலமானது. எரிபொருள் கூடியது, கால்கள் உறுதியாயின, வேகத்தை அளக்க லேசர் கருவி ஒன்று சேர்ந்தது.

இறங்கும் அந்தக் கடைசி சுமார் 19 நிமிடங்களில் பெங்களூருவில் இருந்து யாரும் கை கொடுக்க முடியாது. எல்லா முடிவையும் கலமே எடுக்க வேண்டும். அதாவது எந்தத் தவறு வந்தாலும் பிடிக்கும் ஆள் கலத்திற்குள்ளேயே இருந்தாக வேண்டும். 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04 மணிக்கு அது நிலவில் இறங்கியது. விண்கலத்தின் புரோகிராமில் ட்ரை, கேட்ச் என்ற சொற்களே இருந்தாக வேண்டும் என்பதில்லை. எண்ணம்தான் ஒன்று.

வீட்டுக் கம்ப்யூட்டரில்

ஒரு சாதாரண புரோகிராமில் எக்செப்ஷனைப் பிடிக்காவிட்டால் அந்த புரோகிராம் மட்டும் மூடிக்கொள்ளும். மற்றவை ஓடிக் கொண்டிருக்கும். விண்டோஸின் அடித்தளத்தில் ஓடும் டிரைவர் போன்றவற்றில் இதே நடந்தால் மொத்தக் கம்ப்யூட்டரும் எரர் திரையோடு நின்றுவிடும். 2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத் திரை காட்டி விமானங்கள் தாமதமானது இதனால்தான். கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த அப்டேட்டில், 20 விவரங்கள் இருந்த இடத்தில் 21 ஆவதைத் தேடிப் படிக்கப் போனது புரோகிராம்.

எனவே அடுத்த முறை அந்தச் சின்ன விண்டோ வந்தால் உடனே க்விட் கிளிக் செய்யாதீர்கள். "டீடெய்ல்ஸ்" என்ற பட்டன் இருந்தால் அதை அழுத்துங்கள். நீளமாக வரும் வரிகளில் ஒரு வரியில் எக்செப்ஷனின் பெயரும், அடுத்தடுத்த வரிகளில் அது எந்தெந்தப் பங்க்ஷன் வழியாக ஏறி வந்தது என்பதும் இருக்கும். அதை ஒரு படம் எடுத்து, புரோகிராம் தந்தவருக்கு அனுப்பினால் அவருக்குப் பாதி வேலை மிச்சம். கன்டினியூ கிளிக் செய்து தொடர்ந்தால், முதல் வேலையாக உங்கள் பைலைப் புதிய பெயரில் சேவ் செய்திடவும். பழைய பெயரில் வேண்டாம். உள்ளே எது பாதியில் நின்றிருக்கிறது எனத் தெரியாது.

பிள்ளைகள் எழுதிய புரோகிராமைச் சோதிக்க வேண்டும் என்றால் நீங்களே உட்காருங்கள். கம்ப்யூட்டர் தெரியாதவர் சோதிப்பதுதான் நல்லது. எடை கேட்டால் 0 கொடுங்கள். -5 கொடுங்கள். "எழுபத்தைந்து" என எழுத்தில் டைப் செய்யுங்கள். ஒன்றுமே டைப் செய்யாமல் என்டர் தட்டுங்கள். தேதி கேட்டால் பிப்ரவரி 30 போடுங்கள். பென் டிரைவில் சேவ் ஆகிக் கொண்டிருக்கும்போது அதைப் பிடுங்கிவிடுங்கள், காலி பென் டிரைவாக இருந்தால் மட்டும். ஒவ்வொன்றுக்கும் என்ன நடந்தது என ஒரு தாளில் எழுதிப் பிள்ளையிடம் கொடுங்கள்.